துளையோரத்துத் தேங்காய் மூடி

தரையில் ஒரு துளை. டீ டம்ளரைக் கவிழ்த்தால் மூடிவிடும், அவ்வளவுதான் அதன் அகலம். துளையின் வாயிலிருந்து ஓர் இரும்புக் குழாய் முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. குழாயில் மஞ்சள் பூசிக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் மஞ்சள் வெளுத்துப் போயிருந்தது. பக்கத்துக் கல்லில் கற்பூரம் எரிந்த கறை. கல்லுக்குக் கீழே, சருகுக்குள், பாதித் தேங்காய் மூடி ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

இடுக்கி மாவட்டம் சாந்தன்பாறைக்கு மேலே, ரோட்டை அகலப்படுத்துவதற்காக வெட்டிய ஒரு மலைச்சரிவில் இதைப் பார்த்தேன். பார்த்ததும் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. வேற்றூர்ச் சந்தையில் நம் பேச்சுக் காதில் விழுந்தால் வருமே, அந்த மாதிரி.

"ஏனுங்க, இங்க தண்ணி நல்லா வந்துச்சாட்ட இருக்குதுங்க?" என்று பக்கத்தில் நின்ற டிரில்லர் குமரேசனிடம் கேட்டேன்.

சும்மா கேட்டதுதான். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், மறுநாள் காலை என் மகள் கோயமுத்தூரில் ஒரு காலேஜ் வாசலில் இஸ்திரி போட்ட சேலையோடு ஆட்டோவிலிருந்து இறங்கியிருப்பாள். அதற்காகத்தான் நான் மலையேறிப் போனதே.

தாண்டி வந்த ரோடு

இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு பால் சொசைட்டியில் செக்ரட்டரி. கொஞ்சம் தென்னை உண்டு. ஒரே மகள் நிவேதா. இதுவரை அவளைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

போன வருஷ மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், வேலை பார்க்கிற இடுக்கி மலையிலிருந்து போன் செய்தாள். பின்னால் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"அப்பா, நாங்க இப்பத்தான் தாண்டி வந்த ரோடு இப்ப அங்க இல்லீங்கப்பா."

குரலில் பயமே இல்லை. ஒரு அதிசயத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து சொல்கிற குரல். உடனே படமும் அனுப்பினாள். ஜீப்பின் பின்கண்ணாடி வழியாக எடுத்தது. ரோடு இருந்த இடத்தில் சிவப்பு மண். அந்த மண்ணின் நடுவே ஒரு சில்வர் ஓக் மரம், சாயாமல் நின்ற நிலையிலேயே, மேலே இருந்து இறங்கி வந்து நின்றிருந்தது.

"மரம் எப்படி நின்ன மேனிக்கே வந்திருக்குது பாருங்கப்பா. மண்ணு உருளல. தட்டோட நகந்திருக்குது."

என் மனைவி வசந்தி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிப் பேசினாள்.

அன்றிலிருந்து எனக்கு மழை பிடிக்காமல் போய்விட்டது. கிழக்குப் பாலக்காட்டில் தென்னை வைத்திருக்கிறவன் மழை பிடிக்கவில்லை என்று சொன்னால் கிறுக்கு என்பார்கள். எங்களுடையது மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர். ஆனால் எங்கள் ஊரில் நாலு துளி விழுந்தாலே என் கை போனுக்குப் போகும். இடுக்கிக்கு இன்றைக்கு மழை எச்சரிக்கை என்ன நிறம்? மஞ்சளா, ஆரஞ்சா, சிவப்பா? பால் ஊற்ற வருகிறவர்கள், "செக்ரட்டரி கவுண்டர் லாட்டரி பாக்கறாருடா" என்று சிரிப்பார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பழைய சிநேகிதன் ஒருவன், கோயமுத்தூர்க் காலேஜ் ஒன்றில் சிவில் படிக்கிற பிள்ளைகளுக்கு ஜியாலஜி நடத்த ஆள் தேடுகிறார்கள் என்றான். ஃபேன் சுற்றுகிற அறை. கரும்பலகை. தலைக்கு மேலே மலை இல்லாத வேலை. திங்கட்கிழமை இன்டர்வியூ.

போனில் சொன்னால் நழுவிவிடுவாள் என்று நேரிலேயே கிளம்பினேன். வசந்தி பச்சை நிறத்தில் ஒரு சேலையை இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் சுற்றி, தனிப் பையில் வைத்துக் கொடுத்தாள். பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று பஸ் மாறி மாறிப் போன வழியெல்லாம் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன். கசங்கிவிடக் கூடாதே.

கல்லு ஒடைக்கிற வேலையா?

நிவேதாவின் படிப்பைப் பற்றி ஊரில் யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. எனக்கே முழுசாகத் தெரியாது.

பெண் கேட்டு வந்தவர்களில் ஒரு பெரியவர், "ஜியாலஜின்னா குவாரிங்களா? புள்ள கல்லு ஒடைக்கற எடத்துலயா இருக்குது?" என்று கேட்டார். இன்னொருவர், "தண்ணி பாக்கறதுங்களா? அப்படீன்னா எங்க தோட்டத்துல ஒரு எடம் காட்டச் சொல்லுங்க" என்றார். இரண்டு சம்பந்தமும் டீயோடு முடிந்துவிட்டது. அந்த இடத்தையாவது காட்டியிருக்கலாம் என்று வசந்தி இன்றும் சொல்வாள்.

அவள் வேலையின் பெயர் இன்ஜினியரிங் ஜியாலஜி. சனிக்கிழமை சாயங்காலம் சாந்தன்பாறையில் அவள் தங்கியிருந்த வாடகை வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து, சேலைப் பையை இன்னும் எடுத்துக் காட்டாமல், நானே பேச்சைத் தொடங்கினேன். முதலில் அவள் வேலையில் ஒரு குறையைக் கண்டுபிடித்தால், பிறகு சேலையைக் காட்டச் சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன்.

"உங்க வேலைன்னா என்ன அம்முணி? ஒரு வரியில சொல்லு பாப்போம்."

"கல்லோட பேரச் சொல்றது ஜியாலஜிங்கப்பா. கல்லு மேல கட்டறது இன்ஜினியரிங். அந்தக் கல்லு இந்தக் கட்டடத்தத் தாங்குமான்னு நடுவுல நின்னு சொல்றது நாங்க."

"நடுவுல நிக்கறவனுக்கு ரெண்டு பக்கமும் அடி விழுகுமே?"

"விழுகுது" என்று சிரித்தாள்.

முன்பெல்லாம் அணை கட்டுகிறவர்களும் சுரங்கம் தோண்டுகிறவர்களும் மட்டும்தான் இவர்களைக் கூப்பிடுவார்களாம். அணை பெரிய செலவு, பயம் உண்டு, அதனால் கேட்டார்கள். ஒரு சாதாரண மலை ரோட்டுக்கு யார் கேட்பார்கள்? பொக்லைன் வரும், வெட்டும், போகும். இப்போது மழை மாறிவிட்டது. ஒரு மாசம் பெய்ய வேண்டியது ஒரே நாளில் பெய்கிறது. அதனால் ரோட்டுக்காரர்களும் கூப்பிடுகிறார்கள்.

"கூப்பிடறது நல்லதுதானே?"

"மொதல்ல மலைய வெட்டிருவாங்கப்பா. அப்பறம் எங்களக் கூப்பிட்டு, விழுகுமான்னு கேப்பாங்க."

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது, வந்த வேலை வேறு. ஆனாலும் கேட்டுக்கொண்டே போனேன். செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து, மலை ஒரு விரல் அகலம் நகர்ந்தாலும் சொல்லிவிடுமாம். ட்ரோன் பறந்து சரிவு முழுவதையும் படம் பிடித்துவிடுமாம். விழுந்த சரிவுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, அடுத்தது எது என்று கேட்கிறார்களாம்.

"அப்படீன்னா இன்னும் பத்து வருசத்துல உனக்கு என்ன வேலை சாமி இருக்கும்?" குறை கிடைத்துவிட்டது என்று கேட்டேன்.

"வேலை கூடுமுங்கப்பா. மேல இருந்து பாத்தா மலையோட தோலுதான் தெரியும். உள்ள என்ன இருக்குதுன்னு யாராச்சும் போய் எடுத்துப் பாக்கோணும். அத அந்தக் கம்ப்யூட்டருக்கும் நாங்கதான் சொல்லோணும். தப்பாச் சொன்னா, அது தப்பையே வேகமாச் சொல்லும்."

இது எனக்குப் புரிகிற விஷயம். பால் கேனைக் கலக்காமல் மேலாகக் கரண்டியால் மொண்டு சாம்பிள் எடுத்தால், மெஷின் எவ்வளவு புதுசாக இருந்தாலும் கொழுப்புக் கணக்கு பொய்தான். மலையை எப்படிக் கலக்குவது?

பெட்டியில் இல்லாத கல்

கலக்க முடியாது. துளைதான் போட வேண்டும்.

வராந்தாவின் ஓரத்தில் நீளமான மரப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒன்றைத் திறந்து காட்டினாள். உள்ளே வரிசை வரிசையாகத் தடுப்பு. ஒவ்வொரு தடுப்பிலும் உருண்டையான கல் துண்டுகள், முருங்கைக்காய் நறுக்கி வைத்த மாதிரி. எந்திரம் ராடு என்கிற இரும்புத் தண்டுகளை ஒவ்வொன்றாகக் கோத்து மலைக்குள் குழாயை இறக்கி, கல்லைக் குச்சி குச்சியாக வெளியே எடுத்துவிடுகிறது. மேலே இருந்தது முதல் வரிசை, ஆழம் போகப் போக அடுத்த வரிசை. மலையைப் படுக்க வைத்துப் புத்தகம் மாதிரிப் படிக்கலாம்.

ஒரு வரிசையில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு மரக்கட்டையைச் செருகியிருந்தாள்.

"இது எதுக்கு?"

"அந்த எடத்துல கல்லு வரலைங்கப்பா. வராத எடத்தக் காலியா விடாம, கட்டை வெச்சு, இங்க இல்லைன்னு எழுதிருவோம்."

"வந்தத விட்டுட்டு வராததுக்கா இவ்வளவு மரியாதை?"

"கெட்டியான கல்லுன்னா வந்துருமுங்க. வரலீனா, அது தண்ணியில கரையற எதுவோ. மலை விழுகறது அந்த எடத்துலதான்."

வேறொரு பெட்டியைத் திறந்து, முகத்தைச் சுளித்தாள். ஒன்றாம் நம்பர் துளையின் பெட்டி. அந்தத் துளை போட்ட வாரம் அவளை வேறொரு வேலைக்குப் பீர்மேட்டுப் பக்கம் அனுப்பிவிட்டார்களாம். திரும்பி வந்து பார்த்தபோது பெட்டி அழகாக நிறைந்திருந்தது. கடைசியில் மட்டும் ஒரு சாண் கல் குறைந்தது. அடியில் அரைபட்டுப் போயிருக்கும் என்று ரோடு வேலையின் சூப்பர்வைசர் எழுதி வைத்திருந்தார். இந்தப் பெட்டியின் படத்தை வைத்துத்தான், மலையைத் தாங்கக் கட்டப் போகிற சுவரின் அஸ்திவாரத்தையும் கணக்குப் போட்டுவிட்டார்கள்.

"இதுதாங்கப்பா எனக்கு உறுத்திக்கிட்டே இருக்குது."

நான் அப்போதுதான் சேலையை எடுத்துக் காட்டினேன். உறுத்தலோடு இருக்கிறவளிடம் பேசுவது சுலபம்.

காலேஜ், ஃபேன், கரும்பலகை எல்லாவற்றையும் சொன்னேன். போன வருஷத்துப் படத்தைப் பற்றியும் சொன்னேன். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை, தினமும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கிறேன் என்று சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டது. அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ரொம்ப நேரம் சேலையின் மடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"சரிங்கப்பா. நாளைக்குக் காலையில சைட்ட ஒரு தடவ பாத்துட்டு, மத்தியான பஸ்ஸுக்குப் போலாமுங்க. அம்மாகிட்டச் சொல்லிருங்க."

எனக்கு நம்ப முடியவில்லை. உடனே வசந்திக்கு போன் போட்டேன்.

எங்கள் ஊரில் தண்ணீர் வந்தால்

இங்கே கொஞ்சம் எங்கள் ஊர் விவரம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தேங்காய் மூடி புரியாது.

எங்கள் பக்கத்தில் போர் போடுவது கல்யாணம் மாதிரி. துளை போடுகிற திருச்செங்கோட்டு லாரி வந்து நிற்கும். அக்கம்பக்கமெல்லாம் கூடிவிடும். எந்திரம் இறங்க இறங்க வெறும் புழுதி பறக்கும், எல்லோர் மீசையும் நரைத்துவிடும். யாரும் பேச மாட்டார்கள். புழுதி ஈரமாகி, சேறாகி, தண்ணீர் பீய்ச்சி அடித்தால் தேங்காய் உடைத்து, குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவோம். பொம்பளைகள் அந்தச் சேற்றை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்வதையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் வராத போருக்கு எதுவும் கிடையாது. ஒரு கல்லைத் தூக்கி அதன் வாயில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விடுவோம்.

ஆக, பொட்டு வைத்த குழாயைப் பார்த்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு ஒரே அர்த்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை சரிவில் நான் கேட்டது அந்த அர்த்தத்தில்தான். டிரில்லர் குமரேசன் திருச்செங்கோட்டுக்காரர். அந்தக் காலத்தில் லாரியில் ஊர் ஊராகப் போய் போர் போட்டவர், இப்போது கல் எடுக்கிற எந்திரத்துக்கு மாறியிருந்தார். என் கேள்வி அவர் முகத்தில் விளக்கேற்றிவிட்டது.

"வந்துச்சுங்களாவா! மோட்டார நிறுத்திப்போட்டு டீ குடிக்கப் போனமுங்க. வந்து பாத்தா, தண்ணி அது பாட்டுக்கு வழிஞ்சுக்கிட்டு இருக்குது. இத்தன வருசமா போர் போட்ட கை, சும்மா இருக்குங்களா? கடைக்கு ஆளு அனுப்பித் தேங்காய் வாங்கியாந்து ஒடச்சமுங்க."

"அடேங்கப்பா! மோட்டார் இல்லாமயே வழிஞ்சுதுங்களா? எங்கூர்ல இப்படி வந்தா ஊருக்கே சோறு போடுவாங்க."

சற்றுத் தள்ளி நிவேதா பாறையில் எதையோ அளந்துகொண்டிருந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள்.

"குமரேசண்ணா, எந்தத் தண்ணி?"

"இந்த ஒண்ணாம் நம்பர்ல வந்த தண்ணிதானுங்க மேடம்."

"எங்கிட்ட யாருமே சொல்லலியே!"

"நீங்க பீர்மேட்டுல இருந்தீங்க. சூப்பர்வைசர் சார் பாத்துட்டு, 'தண்ணி நமக்கு எதுக்கு, கல்ல எடு'ன்னாரு. சரி, இவங்களுக்குத் தண்ணி வேண்டாமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேனுங்க."

"எந்த ஆழத்துல வந்துச்சு?"

"ஏழாவது ராடு கோத்த ஒடனே. அந்த ராடுக்கும் பொட்டு வெச்சமே!"

"அப்பக் கல்லு வந்துச்சா?"

"கல்லு எங்கீங்க வந்துச்சு? சந்தனம் கரைச்சாப்பல சேறுதான். கொழகொழன்னு கொட்டிப்போச்சு."

"பெட்டியில அந்த எடம் காலியா இருந்திருக்குமே அண்ணா?"

"இருந்துச்சுங்க. போட்டோவுக்குப் பெட்டி நெறைஞ்சு இருக்கோணும்னாங்க. கீழ்க்கல்ல மேல நகத்தி ஒட்டி வெச்சமுங்க. சும்மா சொல்லக் கூடாது, வரிசை சுத்தமா வந்துச்சு."

அவர் பெருமையோடுதான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்கும் ஒன்றும் தெரியாது. இரண்டு போர் ஊர்க்காரர்கள் சிரித்துக்கொண்டு நின்றோம். நிவேதா மட்டும் சிரிக்கவில்லை.

ஜீப்பை எடுத்துக்கொண்டு வாடகை வீட்டுக்கு ஓடினோம். அந்தப் பெட்டியைத் திறந்து, ஏழாவது ராடு கணக்கு வருகிற இடத்தில் அடுத்தடுத்து இருந்த இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்தாள். உடைந்த தட்டை ஒட்ட வைத்துப் பார்ப்பது போல முனையோடு முனை சேர்த்தாள். சேரவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு முனையை நாக்கால் ஈரமாக்கி நகத்தால் சுரண்டினாள். மஞ்சளாக ஒரு பசை நகத்தில் ஏறியது.

"கெட்டதா அம்முணி?"

"மலைக்குள்ள சாய்ஞ்சாப்பல ஒரு களிமண் பட்டை. அதுக்குள்ள தண்ணி அடைபட்டு நிக்குது. மோட்டார் இல்லாமயே வழியுதுன்னா அவ்வளவு அழுத்தத்தோட நிக்குது. மேல இருக்கற மலை மொத்தமும் அது மேல உக்காந்திருக்குது."

"சுவர் கட்டப் போறாங்களே?"

"அந்தச் சுவரோட அஸ்திவாரமும் அந்தப் பட்டைக்கு மேலதாங்கப்பா நிக்குது. போனா ரெண்டும் சேந்து போகும்."

போன வருஷத்து சில்வர் ஓக் மரம், நின்ற மேனிக்கு, என் கண்ணில் வந்தது.

பெட்டியை மூடிவிட்டு நிவேதா என்னைப் பார்த்தாள். "நீங்க கேக்கலீனா எனக்குத் தெரிஞ்சிருக்காதுங்கப்பா."

ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரம் எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குள் புரிந்துவிட்டது. மத்தியான பஸ் போயே போய்விட்டது.

கோழியும் வருது

வெட்டிய சரிவுக்கு நேர் கீழே ஓர் ஏலத்தோட்டத்தின் லயம். ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். நேராக அங்கே போனோம். முதல் வீட்டுப் பேச்சியம்மாளுக்கு நிவேதாவை நன்றாகத் தெரியும். எங்கள் இருவருக்கும் பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்து உட்கார வைத்தார். திருநெல்வேலிப் பேச்சு, இந்த மலையிலேயே பிறந்தவர்.

நிவேதா விஷயத்தைச் சொன்னாள். பேச்சியம்மாள் கடைசிவரை கேட்டார்.

"அதெல்லாம் செரி. மலை விழுமா, விழாதா? அத மட்டும் சொல்லு."

"தெரியாதுங்கம்மா."

"மெசினு வச்சுத் துளைச்சுப் பாத்த புள்ள, தெரியாதுங்கா! செரி, நாங்க இங்கன இருக்கலாமா?"

"மழை முடியற வரைக்கும் வேண்டாமுங்க. இன்னொரு துளை போட்டுப் பாத்துட்டு எழுதிக் குடுக்கறேன். எஸ்டேட்லயும் பஞ்சாயத்துலயும் நானே வந்து பேசறேன். ஆனா மழை அது வரைக்கும் காத்திருக்குமான்னும் எனக்குத் தெரியாது."

"போன வருசமும் இப்படித்தான், உருள்பொட்டல் வரும், மலை சரிஞ்சிரும், கேம்புக்குப் போங்கன்னு சொன்னாவ. பள்ளிக்கூடத்துல பாய விரிச்சுக் கெடந்தோம். திரும்பி வந்து பாத்தா மலை அசையாம இங்கனயே நிக்கி. எங் கோழியத்தான் காணல."

பேச்சியம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க தகப்பன். நீங்க சொல்லுங்க. ஒங்க மகளா இருந்தா இந்த வீட்ல படுக்க விடுவீகளா?"

"விடமாட்டேனுங்க." யோசிக்காமல் வந்துவிட்டது.

"படுக்க விடமாட்டீக. பகலெல்லாம் அந்த வெட்டுக்குக் கீழ நிக்க மட்டும் விட்ருக்கீக?"

அவர் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். இத்தனை மாசமாக நானே என்னைக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. ஒரு பை, ஒரு சேலை, ஒரு சிநேகிதன், எல்லாம் அந்தக் கேள்விக்கு நான் தயார் செய்த பதில்கள். அந்த வாசலில் ஒன்றையும் எடுத்து நீட்ட முடியவில்லை. நான் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால், இந்த அம்மாவிடம் 'தெரியாது' என்று சொல்வதற்கு யார் இருப்பார்கள்?

பேச்சியம்மாள் என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, பக்கத்து வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"ஏட்டி செல்வி! அந்தப் பழைய கூடைய எடுத்து வையி. இந்தத் தடவ கோழியும் கூட வருது."

திங்கட்கிழமை

ஒன்றாம் நம்பர் துளைக்குப் பக்கத்திலேயே புதுத் துளை. எந்திரம் காலையிலேயே முழங்கியது. இன்டர்வியூ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோயமுத்தூர் சிநேகிதனுக்கு நானே போன் செய்தேன். நிவேதா வரவில்லை என்றேன்.

"ஏம்ப்பா, அங்க அப்படி என்ன தலை போற வேலை?"

"ஒரு எடத்துல கல்லு வரலை. அதப் பாத்துக்கிட்டிருக்குது."

எனக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பான்.

ஏழாவது ராடு இறங்கியது. வெளியே வருகிற தண்ணீரின் நிறம் மாறியது. முதலில் சாம்பல், பிறகு பழுப்பு, பிறகு சந்தனம். நிவேதா கையைத் தூக்க, மோட்டார் நின்றது. அந்த அமைதியில் துளையின் வாயில் தண்ணீர் எழும்பி, விளிம்பில் ஒரு கணம் நடுங்கி, வழிய ஆரம்பித்தது.

குமரேசனின் இரண்டு கைகளும் தாமாகவே குவிந்தன. நிவேதாவின் முகத்தைப் பார்த்ததும், கைகளைப் பிரித்துப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பிறந்து, துளையிலிருந்து தண்ணீர் வருவதைப் பார்த்து முகம் வாடி நின்ற முதல் ஆட்கள் குமரேசனும் நானுமாகத்தான் இருப்போம்.

பெட்டியில் அந்த இடத்துக்கு ஒரு மரக்கட்டையை அவரே தேடி எடுத்து வந்து கொடுத்தார்.

நான் தனியாகத்தான் ஊர் திரும்பினேன். சேலைப் பையை அவளிடமே விட்டுவிட்டேன். அந்த வாரக் கடைசியில் அந்தப் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு, ரோடு வேலைக்காரர்களின் மீட்டிங்குக்குப் பெட்டியோடு போயிருக்கிறாள். அங்கே அவளுக்குக் கிடைத்த ஏச்சுகளை இங்கே எழுதப் போவதில்லை. சுவர் வேலை நின்றது. முதலில் தண்ணீருக்கு வழிவிட வேண்டும் என்று, சரிவில் படுக்கை வாக்கில் துளைகள் போட்டுக் குழாய்களைச் செருகினார்கள். லயத்துக்காரர்கள் எஸ்டேட்டின் பழைய ஏலக்காய் ஸ்டோருக்குக் குடி போனார்கள். ஸ்டோர் எதிர் மேட்டில் இருக்கிறது.

வசந்தி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. "கூட்டிக்கிட்டு வரச் சொன்னா, வேலை கண்டுபிடிச்சுக் குடுத்துட்டு வந்திருக்கறீங்க" என்பது அவள் கடைசியாகச் சொன்னது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

இதை எழுதுகிற இன்றைக்கு இடுக்கிக்கு ஆரஞ்சு. காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் போன் அடித்தது. தெரியாத நம்பர். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, நான் பேச்சியம்மா. இங்கன மழை கொட்டுது."

"நிவேதா…?"

"மேடத்துக்கு என்ன, கொடையப் புடிச்சிக்கிட்டு எதிர் மேட்டுல நிக்கி. மலையும் அங்கனயேதான் நிக்கி. ஒங்க மக பேச்சக் கேட்டு ஏலக்காய் வாடையில கெடக்கோம், துணிமணியெல்லாம் பாயசம் மாதிரி மணக்கு. இது எத்தன நாளைக்குன்னு கேட்டா, அதுக்கும் தெரியாதுங்கா!"

திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நிம்மதியான திட்டை நான் அதுவரை வாங்கியதில்லை. மலை நிற்கிறது. குழாய்களால் நிற்கிறதா, எப்படியும் நின்றிருக்குமா, யாருக்கும் தெரியப் போவதில்லை. மகளும் அப்படித்தான் எழுதியிருப்பாள்.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி. அந்த மலையில சொருகின குழாயில தண்ணி விடாம ஊத்துது. பனிக்கட்டி மாதிரி தண்ணி. கீழ ரோட்டுல வந்து விழுது, நாங்க குடத்துல புடிக்கோம்."

"விடாம ஊத்துதுங்களா?"

"விடாம."

"அப்படீன்னா எனக்காக ஒரு வேலை செய்வீங்களாம்மா?" என்றேன். "அந்தக் குழாய்க்குக் கொஞ்சம் மஞ்சள் பூசி, ஒரு தேங்காய் ஒடச்சிருங்க."